கணக்கு எனும் வாசல்

(ஜமாஅத் கல்விக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள் நம் குடும்பங்கள் பலவற்றிற்குச் சோறு போடுகின்றன. அவ்வுழைப்பு கண்ணியமானது. எனினும், கணிதத்தில் தனி நாட்டம் கொண்ட பிள்ளைக்கும் ஐ.டி.ஐ., டிப்ளமோ, ஷிப்டு வேலை என்பதோடு நம் வழிகாட்டல் நின்றுவிடுகிறது. கணித ஆராய்ச்சி என்றொரு பாதை இருப்பதை அப்பிள்ளைக்கு யார் சொல்வது?

மதரஸாவில் ஓதிய ஃபராயிள் எனும் பாகப்பிரிவினையைப் பாருங்கள். மவ்த்தானவர் மனைவி, தாய், ஆண்மக்கள் ஆகியோரை மட்டும் விட்டுச் சென்றால், கடன் போக எஞ்சிய சொத்தை 24 பங்காக்குவோம்: மனைவிக்கு 3, தாய்க்கு 4, ஆண்மக்களுக்கு 17. பிழையின்றிப் பிரிப்பவர் கணக்கர். 'ஏன் 24? எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்தும் பொது விதி எது?' என்று கேட்பவரோ ஆராய்ச்சியின் வாசலில் நிற்கிறார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, தமது நூலின் பெரும்பகுதியை இத்தகைய கணக்குகளுக்கே ஒதுக்கினார். அந்நூலின் பெயரிலுள்ள 'அல்ஜப்ர்' என்பதே அல்ஜீப்ரா ஆயிற்று.

ஆனால் கேள்வி மட்டும் போதாது. கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். 1910இல் தம் நோட்டுப் புத்தகத்தை, இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த ராமசாமி ஐயரிடம் காட்டினார். 1911இல் அக்கழக இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்து, அவரை முழுநேர ஆராய்ச்சிக்கு விடுவித்தது. திறமை அவருடையது, அதை அறிந்து தாங்கியவர்கள் பலர்.

இன்று சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் நிறுவனம், பிளஸ் டூ முடித்தவர்களை நுழைவுத் தேர்வு நடத்திச் சேர்க்கிறது. தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு. இரண்டும் நமக்குத் தொலைவில் இல்லை.

பெற்றோர்களே, முதல் சம்பளத்திற்கு அவசரப்பட்டு அப்பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். அவனோ அவளோ எழுதிவைத்த நோட்டை, அதை வாசிக்கத் தெரிந்த ஆசிரியரிடம் கொண்டு செல்லுங்கள். நிர்வாகிகளே, நுழைவுத் தேர்வுக் கட்டணத்தையும் பயணச் செலவையும் கல்வி நிதியிலிருந்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக! ஆமீன்.