நடந்து சென்ற தூரம்



நம் பொறுப்பில் இருப்பவர் சோர்ந்து நிற்கும்போது அவரைத் தேற்றுவதா, கண்டிப்பதா? பெற்றோராக, ஆசிரியராக, வேலையிடத்தில் மூத்தவராக நாம் அடிக்கடி சந்திக்கும் கேள்வி இது. அமெரிக்காவின் பேஸ்பால் மைதானம் ஒன்றில் நடந்த நிகழ்ச்சி இதற்கு நமக்கு வழிகாட்டுகிறது.

1969 ஜூலை 30. நியூயார்க் நகரின் ஷே அரங்கத்தில் மெட்ஸ் அணி, ஹூஸ்டன் அணியோடு ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் ஆடியது. முதல் ஆட்டத்தில் 16-3 என்று தோற்றது. இரண்டாவது ஆட்டத்தின் மூன்றாம் இன்னிங்ஸில் மட்டும் ஹூஸ்டன் அணி பத்து ஓட்டங்கள் எடுத்தது. அந்த நேரத்தில் இடப்பக்கம் அடிக்கப்பட்ட ஒரு பந்தை, அங்கே நின்ற கிளியோன் ஜோன்ஸ் விரைந்து ஓடி எடுக்கவில்லை. அவர் அந்த அணியின் மிகச் சிறந்த மட்டையாளர்.

மேலாளர் கில் ஹாட்ஜஸ் எழுந்து மைதானத்துக்குள் நடந்தார். பந்து வீசுபவரைக் கடந்தார். அடுத்து நின்றவரையும் கடந்தார். இடப்பக்கக் கோடி வரை மெதுவாக நடந்து, ஜோன்ஸோடு சில வார்த்தைகள் பேசிவிட்டுத் திரும்பினார். ஜோன்ஸும் அவர் பின்னால் நடந்து ஆட்டத்தைவிட்டு வெளியேறினார்.

தரை ஈரமாக இருந்தது, காலில் வலி இருந்தது என்று ஜோன்ஸ் பிற்காலத்தில் சொன்னார். அன்று வெளியே சொல்லப்பட்ட காரணமும் கால் காயம்தான். ஹாட்ஜஸ் அவரை ஊரறிய ஏசவில்லை. ஆனால் அணியில் இருந்தவர்களுக்குச் செய்தி புரிந்தது: முழு மனத்தோடு ஓட முடியாதவர், எத்தனை பெரிய ஆட்டக்காரரானாலும், சற்று வெளியே அமர வேண்டும்.

தோல்வி என்றால் என்னவென்று ஹாட்ஜஸுக்கு நன்றாகத் தெரியும். 1952 உலகத் தொடரில், புரூக்ளின் அணிக்கு ஆடிய அவர், கணக்கில் வந்த 21 வாய்ப்புகளில் ஒரு முறைகூடப் பந்தைச் சரியாக அடித்து இலக்கை அடையவில்லை. அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும் அதே தடுமாற்றம். அப்போது புரூக்ளினில் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தின் அருள்பணியாளர் ஹெர்பர்ட் ரெட்மண்ட், புழுக்கமான ஒரு ஞாயிறன்று மறையுரையைச் சுருக்கிக்கொண்டு, கட்டளைகளைக் கடைப்பிடியுங்கள், கில் ஹாட்ஜஸுக்காகச் செபியுங்கள் என்று மட்டும் மக்களிடம் கேட்டுக்கொண்டார். அந்த ஊர் மக்கள் அவருக்குக் கடிதங்களும் செபமாலைகளும் அனுப்பினார்கள். அவர் மீண்டு எழுந்தார்.

இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்ப்போம். முயன்றும் முடியாதவரை மக்கள் தாங்கினார்கள். அப்படித் தாங்கப்பட்ட அதே மனிதர், முயற்சி தளர்ந்ததைக் கண்டபோது எழுந்து நடந்தார். இயலாமைக்குப் பொறுமை வேண்டும். அசட்டைக்குக் கண்டிப்பு வேண்டும். நாமோ பல வேளைகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். மதிப்பெண் குறைந்த பிள்ளையைத் திட்டுகிறோம். திறமையுள்ள பிள்ளை சோம்பியிருந்தால் கண்டுகொள்ளாமல் விடுகிறோம். கண்டிக்கும்போதும் தொலைவில் இருந்து கத்துகிறோம், அல்லது ஆள் இல்லாத இடத்தில் குறை பேசுகிறோம். அவர் நிற்கும் இடம் வரை நடந்து போவதுதான் நமக்குக் கடினமாக இருக்கிறது.

1962-இல் 120 ஆட்டங்களில் தோற்ற அதே மெட்ஸ் அணி, 1969-இல் 100 ஆட்டங்களில் வென்று உலகத் தொடரையும் கைப்பற்றியது. அக்டோபர் 16 அன்று, அதே அரங்கத்தின் அதே இடப்பக்கத்தில், வெற்றியை உறுதி செய்த கடைசிப் பந்தை ஒரு முழங்காலை மடக்கிப் பிடித்தவர் கிளியோன் ஜோன்ஸ். வெளியே அழைக்கப்பட்டவருக்கு அவருடைய இடம் காத்திருந்தது.

இந்த வாரம் நாம் யாரையாவது திருத்த வேண்டியிருந்தால், முதலில் அவர் அருகே செல்வோம். என்ன ஆயிற்று என்று கேட்போம். சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்வோம். அவர் திரும்பி வருவதற்கான இடத்தை அவருக்காகவே வைத்திருப்போம்.