கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்

இன்று பட்டம் பெறும் என் அன்புப் பிள்ளைகளே,

முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவன். இந்த அரங்கில் நெற்றியில் திருநீறு தெரிகிறது. தலையில் முக்காடு தெரிகிறது. கழுத்தில் சிலுவை தெரிகிறது. நாளை முதல் உங்கள் கைப்பேசி வழியாக, முகம் தெரியாத எத்தனையோ பேரோடு பேசப் போகிறீர்கள். அந்தப் பேச்சு என்றாவது ஒருநாள் கடவுளைத் தொடும். அன்று எப்படிப் பேசுவது என்பதைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். என் சமயத்தை வைத்தே சொல்கிறேன். அடுத்தவர் சமயத்துக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை.

மயிலாடுதுறையில் நின்று பேசுகிறேன். இங்கிருந்து பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் தரங்கம்பாடி. அந்தக் கரையில் 1706ஆம் ஆண்டு ஜூலை 9 அன்று பர்த்தலோமேயு சீகன்பால்கு கப்பலிலிருந்து இறங்கினார். டென்மார்க் மன்னர் அனுப்பிய ஜெர்மானியர். வயது 24ஐ ஒட்டி. ஏறக்குறைய உங்கள் வயது. ஒரு சொல் தமிழ் தெரியாது.

தொடக்கத்தில் அவர் செய்த காரியம், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியது. இரண்டே ஆண்டுகளில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். இந்த மக்களிடம் ஒழுங்கான மொழியோ நெறியோ இருக்கும் என்று தாம் நினைத்து வரவில்லை என்பதையும், அவர்களுடைய நூல்களைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறியதையும் அவரே எழுதி வைத்தார். தமிழுக்கு அவர் அச்சில் தந்த புதிய ஏற்பாடு 1715இல் வந்தது. அதை எல்லாரும் பாராட்டுவார்கள். நான் அவரை மதிப்பதற்குக் காரணம் வேறு.

1712 முதல் 1714 வரை, அவரும் அவருடைய தோழர் குருண்ட்லரும் தமிழர்களுக்குக் கடிதம் வழியே கேள்விகள் அனுப்பினார்கள். கடவுளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? வழிபாடு எப்படி? திருமணம் எப்படி? எங்கள் சமயத்தைப் பற்றி உங்கள் எண்ணம் என்ன? பதில்கள் வந்தன. 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறின. அவற்றில் புகழ்ச்சி மட்டும் இல்லை. இங்கே வந்த கிறிஸ்தவர்களின் நடத்தையைப் பற்றிக் கடுமையான குறைகளும் இருந்தன. எங்கள் நெறியில் எங்களுக்கு என்ன குறை என்று திருப்பிக் கேட்டவர்களும் இருந்தார்கள். அந்தக் குறைகளையும் சீகன்பால்கு தம் நாட்டுக்கு அனுப்பினார்.

ஒளிக்காமல் சொல்கிறேன்: அவர் மதம் மாற்ற வந்தவர். கடிதங்களோடு தம் மறுப்புகளையும் சேர்த்தே அனுப்பினார். ஆனாலும் எதிரில் இருப்பவர் என்ன நம்புகிறார் என்பதை அவர் வாயிலிருந்தே கேட்டு, அவர் சொன்னபடி எழுதிய பிறகே தம் மறுப்பைச் சொன்னார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலும் எழுதி முடித்தார். ஹாலேயிலிருந்து அவருடைய பணியை ஆதரித்த பெரியவர் பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அந்த நூல் 1867இல்தான் சென்னையில் அச்சானது. கேட்டதை எழுதிவைத்த நூல், படிப்பவர் கைக்கு வர 154 ஆண்டுகள் பிடித்தன. மற்றவரைப் புரிந்துகொள்வது தம் வேலையே இல்லை என்று நினைக்கும் நல்லவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு.

பிள்ளைகளே, நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன். அதைச் சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை சொன்னால் அது பொய்யாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் முகம் தெரியாத ஒருவர் இணையத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். 2004 டிசம்பர் 26 காலை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக்கு வந்திருந்த பக்தர்களைக் கடல் கொண்டுபோனதே, உங்கள் கடவுள் அப்போது எங்கே இருந்தார் என்று. விதண்டாவாதக்காரர் என்று முடிவு கட்டினேன். பத்தே நிமிடத்தில் நீண்ட பதில் எழுதினேன். யோபுவின் கதை, மனிதனுக்குத் தரப்பட்ட சுதந்திரம், இயற்கையின் நியதி, எல்லாம் அதில் இருந்தன. பிழை இல்லாத பதில். எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் ஒரே வரி வந்தது: "என் தங்கை அன்று அங்கே இருந்தாள்."

மூன்று நாள் என்னால் எதுவும் எழுத முடியவில்லை. நாலாம் நாள், "என்னை மன்னியுங்கள். உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் தங்கையைப் பற்றிச் சொல்வீர்களா?" என்று எழுதினேன். அவர் சொன்னார். அவளுக்குப் பிடித்த பாட்டு, அவள் தைத்துக்கொடுத்த சட்டை, எல்லாம் சொன்னார். அவர் இன்றுவரை கடவுளை நம்பவில்லை. நான் நம்புகிறேன். ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று இருவரும் தொலைபேசியில் பேசிக்கொள்கிறோம். அவர் யார் என்று முதல் நாளே நான் கேட்டிருந்தால், அந்த ஒரு வரியை அவர் எழுதவேண்டி வந்திருக்காது.

கேட்பவருக்கு விடை தரத் தயாராக இருக்கச் சொல்லும் பேதுருவின் நிருபத்தைக் கிறிஸ்தவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவோம். அந்த விடை சாந்தமாகவும் மரியாதையாகவும் வரவேண்டும் என்று அதே இடத்தில் சொல்லியிருப்பதை வசதியாக மறந்துவிடுவோம். கிணற்றடியில் சமாரியப் பெண்ணைச் சந்தித்த இயேசு எப்படிப் பேச்சைத் தொடங்கினார்? குடிக்கத் தண்ணீர் கேட்டு. கொடுக்க வந்தவர் முதலில் கை நீட்டினார். பவுல் ஏதென்ஸில் பேசுவதற்கு முன் ஊரைச் சுற்றிப் பார்த்தார். அவர்களுடைய பலிபீடத்திலிருந்தும் அவர்களுடைய கவிஞர்களிடமிருந்தும் பேச்சை எடுத்தார். பேசி முடித்ததும் சிலர் கேலி செய்தார்கள், சிலர் பிறகு கேட்கிறோம் என்றார்கள், சிலர் நம்பினார்கள். மூன்றையும் ஏற்றுக்கொண்டு அவர் அங்கிருந்து போனார். யாரையும் துரத்திக்கொண்டு போகவில்லை.

நம்மோடு கடுமையாக முரண்படுகிறவரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, அவருடைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் நல்லூர் ஆறுமுக நாவலர். பின்னர் அதே நாவலர் சைவத்தைக் காக்கப் பள்ளி தொடங்கினார். 1854இல் சைவதூஷணபரிகாரம் எழுதிப் பாதிரிமார்களுக்கு மறுப்பும் சொன்னார். விவிலியத்தை வரிவரியாக அறிந்தவர் எழுதிய மறுப்பு அது. கிறிஸ்தவனாகச் சொல்கிறேன்: என் வேதத்தைப் படிக்காமல் புகழ்கிறவரைவிட, படித்துவிட்டு மறுக்கிறவரிடம் நான் அதிகம் கற்றிருக்கிறேன்.

இந்த ஊரிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. இங்கே முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்துப் புலவர், பழுத்த சைவர். இருவரும் உயிர் நண்பர்கள். மகாவித்துவான் தம் நண்பர்மீது குளத்துக்கோவை பாடினார். வேதநாயகர் எல்லாச் சமயத்தாரும் பாடும்படி சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் இயற்றினார். அதற்காக அவர் சிலுவையைக் கழற்றவில்லை. இவர் திருநீற்றை அழிக்கவில்லை. நட்புக்காக நம்பிக்கையைக் கரைக்கவேண்டும் என்று யாராவது சொன்னால், இந்த இருவர் பெயரைச் சொல்லுங்கள்.

இனி கைக்கு உதவும் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒருவரை மறுக்கும் முன், அவர் சொன்னதை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகு மறுப்பைத் தொடங்குங்கள். பாதிச் சண்டைகள் அந்த இடத்திலேயே ஓய்ந்துவிடும்.

வேதம் சொல்வது, உங்கள் சபை கற்பிப்பது, உங்களுக்கு நேர்ந்தது, இம்மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் பெந்தெகொஸ்தேயாரும் பலவற்றில் ஒத்துப்போவதில்லை. உங்கள் சபையின் வழக்கத்தை மொத்தக் கிறிஸ்தவத்தின் தலையில் ஏற்றாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அதனால் விசுவாசம் குறைந்துவிடாது.

சரிபார்க்காத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை விரலுக்கும் பொருந்தும். நம் கடவுளுக்கு நம் பொய் தேவையில்லை.

ஒருவர் நள்ளிரவில் உங்களை நம்பிச் சொன்ன துயரத்தைப் படம் பிடித்து நாலு பேருக்குக் காட்டாதீர்கள். நோயிலும் இழவிலும் இருப்பவரைச் சபைக்கு ஆள் பிடிக்கும் வாய்ப்பாகப் பார்க்காதீர்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அங்கே நிறுத்துங்கள். கோபம் ஏறினால் ஓர் இரவு கழியட்டும்; காலையில் எழுதலாம். நீங்கள் இருவரும் பேசுவதை மூன்றாவதாக ஒருவர் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருப்பார். உங்கள் வாதத்தின் நுணுக்கம் அவர் நினைவில் நிற்காது. எதிரில் இருந்தவரை நீங்கள் நடத்திய விதம் நிற்கும்.

கிறிஸ்தவரல்லாத என் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கிறிஸ்தவர் தம் நம்பிக்கையைப் பற்றிப் பேச வந்தால் உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். கேளுங்கள், குறுக்குக் கேள்வி போடுங்கள், ஒப்புக்கொள்ள முடியாததை நேராகச் சொல்லுங்கள். 300 ஆண்டுகளுக்கு முன் உங்கள் முன்னோர் தரங்கம்பாடிக்கு எழுதிய கடிதங்களில் செய்தது அதைத்தான். அந்தத் துணிவும் அந்தப் பண்பும் உங்கள் சொத்து.

சீகன்பால்கு 1719இல், 36 வயதில் காலமானார். அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் தரங்கம்பாடியில் இருக்கிறது. அவர் கல்லறையும் அதற்குள்ளேயே இருக்கிறது. பட்டச் சான்றிதழைப் பத்திரமாக வைத்துவிட்டு ஒருநாள் அங்கே போய்வாருங்கள். வேறு சமயத்து நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அலைச் சத்தம் கேட்கும் அந்தக் கரையில் உட்கார்ந்து, "நீ எதை நம்புகிறாய்?" என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். பிறகு அவர் உங்களைக் கேட்பார். அப்போது சொல்லுங்கள்.

உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள். கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக.