வரவு வேறு, சலுகை வேறு

(கட்சிக் கல்வி வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிதிநிலை அறிக்கைகள் குறித்த கட்சி ஆவணங்களைப் பல ஆண்டுகளாகத் தமிழாக்கம் செய்து வருகிறேன். அப்பணியில் என்னை ஓயாது உறுத்தும் சொல் ‘வரிச்சலுகை’. விலக்கு, கழிவு, தள்ளுபடி, வரவு என்னும் நான்கு வெவ்வேறு கருத்துகளை நாளேடுகள் இந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிடுகின்றன. இது வெறும் சொல்லாராய்ச்சி என்றால் உங்கள் நேரத்தைக் கவர்ந்திருக்க மாட்டேன். உழைப்பவர் பணம் இதில் அடங்கியிருக்கிறது.

புதிய வரிமுறைப்படி, 2025-26 நிதியாண்டில் 4 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை. இது விலக்கு வரம்பு. ஊதியம் பெறுவோரின் வருமானத்திலிருந்து முதலிலேயே குறைக்கப்படும் 75,000 ரூபாய் கழிவு. 12 லட்சம் வரை வரியே கிடையாது என்று முழங்குகிறார்களே, அது தள்ளுபடி. கணக்கிட்ட வரியில் 60,000 ரூபாய் வரை அரசு விட்டுக்கொடுக்கிறது. இம்மூன்றையும் சலுகை என்பதை ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். வரவு அத்தகையதன்று. அது நம் ஊதியத்தில் முன்கூட்டியே பிடித்து, நம் பெயரில் அரசுக் கருவூலத்தில் செலுத்தப்பட்ட தொகை.

ஓர் ஒப்பந்த விரிவுரையாளரை எடுத்துக்கொள்வோம். மாதம் 30,000 ரூபாய், ஆண்டுக்கு 3,60,000. வேறு வருமானம் இல்லை. நிர்வாகம் அவரைப் பணியாளர் என்றே ஏற்பதில்லை. ‘தொழில்முறைக் கட்டணம்’ என்ற தலைப்பில் 10 சதவீதம் பிடிக்கிறது. வைப்புநிதிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் அதே தலைப்பு உதவுகிறது. ஆண்டு முடிவில் பிடித்தம் 36,000 ரூபாய்; ஒரு மாத ஊதியத்தைவிட அதிகம். அவர் கட்டவேண்டிய வரியோ சுழியம். ஆகவே முழுத்தொகையும் அவருக்குத் திரும்ப வேண்டும். ஆனால் அவர் ரிட்டர்ன் தாக்கல் செய்தாலன்றி ஒரு காசும் வராது. “வரம்புக்குக் கீழே இருக்கிறேன், எனக்கெதற்கு ரிட்டர்ன்?” என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையேயும் உண்டு. பிடித்தம் 25,000 ரூபாயை எட்டினால் தாக்கல் செய்வது கடமையும் ஆகும்; 60 வயது நிரம்பியோருக்கு அவ்வரம்பு 50,000. பான் எண் கொடுக்காதவரிடம் 20 சதவீதம் பிடிக்கப்படும் என்பதையும் நினைவில் கொள்க.

பிடித்த வரியை முதலாளி கட்டாமலே இருந்தால்? அது தண்டனைக்குரிய குற்றம். அந்த வரியை மறுபடியும் தொழிலாளியிடமே கேட்கக்கூடாது என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 205ஆம் பிரிவு தடுக்கிறது. ஆயினும் முதலாளி கட்டிக் கணக்குக் காட்டாதவரை, 26ஏஎஸ் என்னும் வரவுப் பட்டியலில் அத்தொகை ஏறாது. திரும்பப் பெறுவது இழுபறியாகிவிடும். எனவே ஊதியச் சீட்டையும் 26ஏஎஸ் பட்டியலையும் காலாண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்ப்பது தொழிற்சங்கப் பணியே. ஒருவரின் பட்டியலில் இடைவெளி தெரிந்தால், பெரும்பாலும் அதே ஒப்பந்ததாரரிடம் பணிபுரியும் மற்றவர் பட்டியல்களையும் பார்க்க வேண்டியிருக்கும்.

குடும்பம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நம் நாட்டில் கணவனும் மனைவியும் கூட்டாக ரிட்டர்ன் தாக்கல் செய்ய இயலாது. ஒருவர் ஊதியத்தில் ஐவர் உண்டாலும் வரம்பு ஒன்றே. ஆனால் ‘இந்துக் கூட்டுக் குடும்பம்’ மட்டும் தனி வரி அலகு. அதற்கெனத் தனி பான் எண், தனி 4 லட்சம் விலக்கு. பூர்விகச் சொத்து உள்ளவருக்கே இதனால் பயன். கூலியை இவ்வாறு பிரித்துக் காட்ட வழியில்லை.

மேலே இருப்பவர்களுக்குக் கிடைப்பதை எவரும் சலுகை என்று அழைப்பதில்லை. செல்வ வரி 2015இல் ஒழிக்கப்பட்டபோது அது ‘எளிமையாக்கம்’. 2019 செப்டம்பரில் நிறுவன வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தபோது ‘ஊக்கம்’. அண்மை ஆண்டுகளில் தனிநபர் வருமான வரி வசூல் நிறுவன வரி வசூலையே விஞ்சிவிட்டது. நம் விரிவுரையாளரோ, வருமான வரி வரம்புக்குள் வராவிட்டாலும், கைபேசி ரீசார்ஜுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கட்டுகிறார். அதைத் திரும்பக் கேட்கப் படிவமே கிடையாது.

மொழிபெயர்ப்பில் இனி நான் ‘வரவு’ என்றே எழுதப்போகிறேன்; ஏட்டின் ஆசிரியர் குழுவும் இசைந்திருக்கிறது. பான் எண்ணும் கடவுச்சொல்லும் கொண்டுவந்துள்ள தோழர்கள் உணவு இடைவேளைக்குப் பின் இருங்கள். உங்கள் 26ஏஎஸ் பட்டியலைச் சேர்ந்து பார்ப்போம்.