தெருவுக்கு அடியில் ஒரு காது



சாலை ஓரத்தில் பள்ளம் தோண்டிக் கேபிள் புதைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கேபிளுக்குள் கண்ணாடி இழைகள் இருக்கின்றன. ஒவ்வோர் இழையும் தலைமுடி அளவுதான் இருக்கும். நம் தொலைபேசிப் பேச்சு அதில் ஒளியாக ஓடுகிறது. அதே இழை தெருவில் நடப்பதையும் கேட்கும் என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் பாசடேனா என்ற நகரம் இருக்கிறது. அங்கே புத்தாண்டுப் பிறப்பையொட்டி ரோஜா ஊர்வலம் நடக்கும். 1890-ல் தொடங்கிய வழக்கம் அது. பூவால் மூடிய பெரிய பெரிய வண்டிகள் வரும். நம்மூர்ப் பூப்பல்லக்கைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். பாண்டு வாத்தியக்காரர்கள் அடி பிசகாமல் நடந்து வருவார்கள்.

2020 ஜனவரி 1-ல் அந்த ஊர்வலத்தைக் கால்டெக் விஞ்ஞானிகள் பூமிக்கு அடியில் இருந்து கவனித்தார்கள். தெருவில் கேமராவோ வேறு கருவியோ வைக்கவில்லை. தெருவுக்கு அடியில் ஏற்கெனவே கேபிள் கிடந்தது. அதில் வேலையில்லாமல் சும்மா கிடந்த ஓர் இழை போதுமானதாக இருந்தது.

எப்படி? இழையின் ஒரு முனையில் ஒரு கருவியைப் பொருத்துவார்கள். அது லேசர் ஒளியை விட்டு விட்டு அனுப்பும். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். இழையில் கண்ணுக்குத் தெரியாத சிறு குறைகள் எங்கும் உண்டு. அவற்றில் பட்டு ஒளியில் கொஞ்சம் திரும்பி வரும். மேலே ஒரு வண்டி போனால் தரை அசையும். இழை மிக மிகச் சிறிதளவு நீளும், சுருங்கும். திரும்பி வரும் ஒளி மாறும். அது திரும்பி வர எடுத்த நேரத்தைக் கொண்டு, அசைந்த இடம் எது என்று கணக்கிடுவார்கள். கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் வரும் நேரத்தில் ஆழத்தை அறிவதில்லையா? ஏறத்தாழ அப்படித்தான்.

கனமான பூவண்டி போனபோது சாலை மெல்ல அழுந்தியது. அது பதிவானது. பாண்டுக்காரர்களின் காலடியோ தாளமாகவே பதிவானது!

வேடிக்கைக்காக இதைச் செய்யவில்லை. கலிபோர்னியா பூகம்பம் வரும் பூமி. எந்தத் தெருவில் ஆட்டம் அதிகம் என்று அறிய ஆயிரக்கணக்கான கருவிகள் வேண்டும். அவ்வளவையும் வாங்கி ஊர் முழுக்க வைப்பது ஆகிற காரியமா? ஒரே கேபிள் ஆயிரம் காதுகளாகிறது.

"அப்படியானால் நாம் நடப்பதையும் யாரோ கேட்பார்களே" என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான கேள்வி. காலடி அதிர்வில் முகம் தெரியாது, பெயரும் தெரியாது. ஆனால் ஒரு தெருவில் எப்போது நடமாட்டம், எப்போது இல்லை என்பது தெரியும். அதை யார் பார்க்கலாம் என்பதை ஊர் மக்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்திலும் 2019 முதல் இப்படிக் கேட்டு வந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். நாள்தோறும் கேட்ட காலடிகள் குறைந்தன. வண்டிகளின் அதிர்வும் குறைந்தது. கட்டுப்பாடு தளர்ந்தபோது வண்டிச் சத்தம் மெல்லத் திரும்பியது. பாசடேனாவிலோ, 2021-ல் ரோஜா ஊர்வலமே நடக்கவில்லை.