நீர் சுமக்கும் கோபுரம்



ஊரின் அடையாளம் எதுவெனக் கேட்டால் கோயிலையோ கோட்டையையோ காட்டுவது பெருவழக்கு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள இப்சிலாண்டி என்னும் சிறுநகரம் காட்டுவதோ ஒரு நீர்த்தொட்டியை!

1889இல் தொடங்கி 1890இல் நிறைவெய்திய அக்கோபுரம் 147 அடி உயரமுடையது. நகரின் மிக உயர்ந்த மேட்டில் சுண்ணாம்புப் பாறைக் கற்களால் எழுப்பப்பட்டது. அடியில் 40 அங்குலம் தடித்த சுவர், மேலே செல்லச் செல்ல 24 அங்குலமாகக் குறுகுகிறது. உள்ளே 2,50,000 கேலன் கொள்ளும் எஃகுத் தொட்டி. உயரே ஏற்றிய நீர் தன் எடையாலேயே வீடுதோறும் சென்று சேர்கிறது. அதன் உருவத்தை எள்ளி நகையாடுவோரும் உண்டு. எள்ளுவோர்க்கும் அது நீர் வழங்கியே வந்திருக்கிறது.

கோபுரத்தின் அடியில் ஒரு மார்பளவுச் சிலை நிற்கிறது. கிரேக்க விடுதலைப் போரின் தளபதி திமித்ரியோஸ் இப்சிலாண்டிஸின் சிலை அது. 1820களில் ஊரை அமைத்தவர்கள் அவர் பெயரையே ஊருக்குச் சூட்டினர். 1832இல் மறைந்த அவ்வீரர் அவ்வூரைக் கண்டதே இல்லை. அருகே, 1849இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாக நிறுவப்பெற்றுப் பின்னர்ப் பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்விக்கூடம். அதன் வளாகத்தில் 1897இல் எழுந்த ஸ்டார்க்வெதர் மண்டபம், பொருள் ஈந்த மேரி ஆன் ஸ்டார்க்வெதரின் பெயர் தாங்கி நிற்கிறது. வீரத்திற்கு ஒரு பெயர். கொடைக்கு ஒரு பெயர். இரண்டும் தகும்.

கல் சுமந்தோர்க்கு என்ன கிடைத்தது? கோபுரம் கட்டிய நாட்கூலித் தொழிலாளர்கள், உயரத்தில் வேலை செய்யும் தம் உயிருக்குக் காவல் வேண்டிக் கற்களாலேயே மூன்று சிலுவைகளைச் சுவரில் பதித்தனர். ஒன்றை மேற்கு வாயிலின் மேல் இன்றும் காணலாம். இன்னொன்று உள்ளே இருக்கிறது. அவற்றில் எவர் பெயரும் இல்லை. புகழ் வேண்டிப் பொறித்த கல்லன்று அது. மாலையில் உயிரோடு வீடு திரும்ப வேண்டிப் பதித்த கல்.

கவிஞர் பெருமக்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே. பெயர் நிலைக்க எழுதும் வரியும் உண்டு. வாழ்வின் நெருக்கடியில் பிறந்த வரியும் உண்டு. பின்னதே கட்டடத்தின் உறுப்பாகி நிற்கிறது. பத்தாண்டு நிறைவு மலரில் பல பெயர்கள் அச்சேறுகின்றன. பாய் விரித்தோர், அழைப்பிதழ் சுமந்தோர், கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டோர் பெயர்கள் எந்த மலரிலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் அவர்கள் பதித்த கற்களும் இந்தச் சுவரில் இருக்கின்றன. அவற்றைக் காணும் கண் கவிதைக்கு வேண்டும்.