நோகாத கட்டியை நம்பாதீர்!



தொண்டை கரகரத்தால் நாம் என்ன செய்கிறோம்? உப்பு வெந்நீரில் கொப்பளித்துவிட்டு, மறுநாள் விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறோம். தவறில்லை. சளியோடு வந்த தொண்டைவலி பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே போய்விடும். அப்போது கழுத்தில் நெறி கட்டினால் தொட்டால் நோகும்; சளி தணிய அதுவும் தணியும்.

நோகாமல் வளரும் கட்டிதான் நம்மை ஏய்ப்பது. "வலிக்கவில்லையே, பார்த்துக்கொள்ளலாம்" என்று மாதக்கணக்கில் தள்ளிவிடுகிறோம். கழுத்துக் கட்டியோ, குரல் கம்மலோ, வாய்ப்புண்ணோ மூன்று வாரம் தாண்டினாலும், விழுங்குவது நாளுக்கு நாள் கடினமானாலும் டாக்டரிடம் போயே ஆகவேண்டும். அது காசநோயாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். முன்கூட்டிக் கண்டால் இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. வெற்றிலையோடு புகையிலை அடக்கும் நம்மவர்க்கு ஆபத்து அதிகம். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் தரவல்லது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2004-ல் வெளியிட்டுவிட்டது. "பாட்டி போட்டாளே, அவளுக்கு என்ன வந்தது?" என்பது லயத்தில் நாம் கேட்டுச் சலித்த வாதம்!

மூச்சுத் திணறினாலோ, எச்சிலும் விழுங்க முடியாவிட்டாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ பொழுது விடியக் காத்திராதீர்கள்; உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"ஒரு நாள் சம்பளம் போகுமே?" போகாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு: சேவை இரண்டாண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 14 நாள், ஐந்தாண்டுக்குள் 18, அதற்குமேல் 22. டாக்டர் சீட்டு வாங்கி, 48 மணி நேரத்துக்குள் ஆபீசில் தெரிவிக்கவேண்டும். எழுத்து வேலைக்குக் கிராணிமார் நாங்கள் இருக்கிறோம். பிரட்டு முடிந்ததும் வந்து கேளுங்கள்.