வாடகையும் தவணையும்

நெல் விதைக்கும் மாதத்தில் வயற் குத்தகையைக் கேட்கும் காணிக்காரரை ஈழத்துத் தமிழ்க் கிராமங்களிற் காண்பது அரிது. சூடு மிதித்துப் பொலி தூற்றிய பின்னரே குத்தகை நெல் அளக்கப்படும். வாரத்துக்கு விட்ட வயலாயின் விளைவில் ஒரு பங்குதான் காணிக்காரருக்கு உரியது. மழை பொய்த்த ஆண்டில் அவர் பங்கும் சுருங்கும். குத்தகையோ விளைவு குறைந்தாலும் பேசிய அளவுதான். இவ்விரு முறைகளுக்கும் வேறுபாடு பெரிதெனினும், கொடுப்பவர் கையிற் பொருள் வரும் காலத்தையே கொடுக்கும் காலமாகக் கொள்ளும் வழக்கம் இரண்டுக்கும் பொதுவானது.

நகரத்து வீட்டு வாடகைக்கு இவ்வழக்கம் வந்து சேரவில்லை. மாதப் பிறப்போடு வாடகை பிறந்துவிடுகின்றது. மாதச் சம்பளம் பெறும் எழுதுவினைஞருக்கு அது பொருந்தும். சனிக்கிழமை தோறும் கூலி பெறும் மேசனுக்கும், கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வள்ளத்தைக் கரையேற்றி வைத்திருக்கும் மீனவருக்கும் அது எவ்வாறு பொருந்தும்? உழைப்பு இருந்தும் உரிய நாளிற் காசு இல்லாமையால் நிலுவை ஏறுகின்றது. நிலுவையோடு மனக்கசப்பும் ஏறுகின்றது.

வீட்டுக்காரர் என்றால் செல்வர் என்று எண்ணிவிடுதலும் தவறு. ஓர் அறையையோ பின்வீட்டையோ வாடகைக்கு விட்டு, அவ்வருவாயிலே மருந்தும் அரிசியும் வாங்கும் முதியோர் பலர் உளர். அவர்களுக்கும் கடைக்காரர் தவணை கொடுக்க வேண்டுமே!

இலங்கைச் சட்டம் இவ்விடரை அறியாததன்று. போர்க்காலமாகிய 1942இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத நிலுவையையே குடியெழுப்பும் வழக்குக்குப் போதிய காரணமாகக் கொண்டது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமோ, மாத வாடகை 100 ரூபாவுக்கு மேற்படாத சிறு வீடுகளுக்கு அதனை மூன்று மாதமாக்கியது. நோயினாலோ வேலையின்மையாலோ வேறு தக்க காரணத்தாலோ நிலுவை ஏற்பட்டதென நீதிமன்றம் கண்டால், அதனைத் தவணை தவணையாகச் செலுத்த இடமளித்து, அவ்வாறு செலுத்துவோரை எழுப்பாதிருக்கும்படி கட்டளையிடவும் அச்சட்டம் வழி வகுத்தது. பின்னர் வந்த திருத்தங்கள் பல வீடுகளை இச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே கொண்டு சென்றன. எனவே, நீதவான் வழக்கின் முடிவிற் செய்யக்கூடிய ஏற்பாட்டை இரு பகுதியாரும் தொடக்கத்திலேயே செய்துகொள்வது புத்தி.

செய்யுங்கால் கணக்கிற் கவனம் வேண்டும். மாத வாடகை 30,000 ரூபா எனக் கொண்டால், கிழமைக்கு அதன் நாலிலொன்று 7,500 ரூபா என்று பேசுவதே பலரது வழக்கம். ஆனால் ஆண்டுக்கு 52 கிழமைகள்; அக்கணக்கில் 3,90,000 ரூபா சேரும். உரிய தொகை 3,60,000 ரூபாவே. குடியிருப்பவர் தம்மை அறியாமலே பதின்மூன்றாம் மாத வாடகை ஒன்றைக் கொடுத்துவிடுகிறார். கிழமைக்கு 6,925 ரூபா என்பதே ஏறக்குறையச் சரியான பங்கு. தவணை இலகுவாயிருக்கிறது என்பதற்காகத் தொகையைக் கவனியாது விட்டவர் எத்தனை பேரோ!

இரண்டு மாத நிலுவையாகிய 60,000 ரூபாவை, நடப்பு வாடகையோடு மாதம் 10,000 ரூபாவாக ஆறு மாதத்திற் கொடுத்துத் தீர்க்கலாம். ஒரு முறை தளர்வு காட்டினால் அதுவே என்றைக்கும் உரிமையாகிவிடும் என வீட்டுக்காரர் அஞ்சுவதும் நியாயமே. இன்ன மாதம் தொடங்கி இன்ன மாதம் முடியும் என்று எழுதி, இருவரும் ஒப்பமிட்டால் அவ்வச்சம் தீரும். முற்பணத்திற் கழிப்பது வேறொரு வழி. ஆயின் பல வீட்டுக்காரர் முற்பணத்தை வாங்கிய கையோடு கூரை வேய்ந்தோ கடன் அடைத்தோ செலவழித்துவிடுவர். ஆகவே அதனை நெருக்கடிக் காலத்துக்கு மட்டும், ஓரிரு மாத அளவிற்கே பேசிக்கொள்ளுதல் நன்று.

பணத்தைக் கையிற் கொடுப்பினும், வங்கிக் கணக்கிலிடினும், கைத்தொலைபேசி வழியாக மாற்றினும், பற்றுச்சீட்டில் எந்த மாதத்து வாடகை என்பது எழுதப்பட வேண்டும். தொகையை மட்டும் குறித்த சீட்டு, பழைய நிலுவைக்கா புதிய மாதத்துக்கா என்ற வழக்குக்கு வித்தாகும். வங்கிக்கு அனுப்பும்போது குறிப்பெழுதும் இடத்தில் மாதத்தின் பெயரைச் சேர்த்துவிடலாம்.

வாடகையை வாங்க மறுத்து, பின்பு நிலுவையென்று வழக்கிடும் வீட்டுக்காரரும் முன்னாளில் இருந்தனர். அதற்காகவே 1972ஆம் ஆண்டுச் சட்டம், அச்சட்டத்துக்கு உட்பட்ட வீட்டின் வாடகையை உள்ளூராட்சிச் சபையின் அதிகாரம் பெற்றவரிடம் செலுத்தலாம் என விதித்தது. அவர் குடியிருப்பவருக்குப் பற்றுச்சீட்டு வழங்கி, பணத்தை வீட்டுக்காரருக்குச் சேர்ப்பிப்பார்.